கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஒரு நாள் நடை: மதிய உணவை எங்கே வைத்துக்கொள்வது?

மலைப்பாதையன் (தொடக்கப் பதிவு)

நண்பர்களுக்கு வணக்கம். பொங்கல் விடுமுறைக் கூட்டம் சேர்வராயன் மலையை விட்டு இறங்கியபின் வரும் ஞாயிற்றுக்கிழமையில், கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்திலிருந்து மலைமேல் ஏற்காட்டுப் பக்கம் இருக்கும் குண்டூர் வரை காட்டுப் பாதையில் நடந்து ஏறி, வழியில் ஓர் ஓடைக்கரையில் எல்லோரும் சேர்ந்து உண்டு, மாலையில் ஏற்காட்டிலிருந்து பேருந்தில் சேலம் திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறேன். இருபத்தைந்து பேர் வரை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். இந்த ஏற்றத்தை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியில் கடப்பவர்களுக்கு, மலை எந்த இடத்தில் எப்படி மாறுகிறது என்பது தெரிவதே இல்லை. உசிலையும் வெப்பாலையும் நிற்கும் வறண்ட காடு, ஏற ஏற அடர்ந்து, காற்றும் குளிர்ந்து, கடைசியில் சில்வர் ஓக் மரங்களின் கீழே காப்பிச் செடியும் மிளகுக் கொடியுமாக மாறுவதைக் கால்நடையாகப் போனால்தான் உணர முடியும். அதற்காகவே இந்தப் பாதையைத் தேர்ந்தேன்.

உணவைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் கட்டிக்கொண்டு வருவதா, சேர்ந்து சமைப்பதா?

சூரமங்கலத்தான்

நல்ல திட்டம், அண்ணா. என் விருப்பத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: கட்டிக்கொண்டு வந்த ஆறிய சோற்றை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்பதற்கு இருபத்தைந்து பேர் மலையேற வேண்டியதில்லை. மூன்று கல் கூட்டி, பெரிய பாத்திரத்தில் கூட்டாஞ்சோறு ஆக்கி, ஒருவர் வெங்காயம் உரிக்க ஒருவர் தண்ணீர் கொண்டுவர என்று செய்யும்போதுதான் முன்பின் அறியாதவர்களும் நண்பர்களாகிறார்கள். அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் பங்கிட்டுச் சுமந்து போகலாம். பாத்திரம் என் பொறுப்பு. காய்ந்த சுள்ளிக்குக் காட்டில் பஞ்சமில்லை.

அடிவாரத்து நண்பன்

சூரமங்கலத்து நண்பருக்கு என் மறுப்பைப் பணிவோடு, ஆனால் உறுதியோடு தெரிவிக்கிறேன். என் வீடு இந்த மலையின் அடியில்தான் இருக்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் இரவில் மொட்டை மாடியில் நின்றால், சரிவில் தீ ஒரு கோடாக நகர்வதைச் சில ஆண்டுகளில் காண நேர்கிறது. தை மாதம் அதற்கு முந்தியதுதானே என்று தோன்றலாம். வடகிழக்குப் பருவமழை நின்று சில வாரங்களிலேயே கீழ்ச் சரிவில் புல் காய்ந்துவிடுகிறது. இலையுதிர் காடு சருகை உதிர்க்கத் தொடங்கிவிடுகிறது. பகலில் காற்று சரிவின் மேல்நோக்கி வீசுவதாலும், கீழே எரியும் தீ தனக்கு மேலே இருக்கும் புல்லை முன்னதாகவே சூடேற்றி உலர்த்திவிடுவதாலும், மலைச்சரிவில் தீ ஏறும் வேகத்துக்கு மனிதர் ஏறும் வேகம் ஈடாகாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைக்குச் சென்ற குழு காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவதே குற்றம். நுழைந்து அடுப்பு மூட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். ஆகவே கல் கூட்டும் பேச்சை இங்கேயே விட்டுவிடுவோம்.

அனுமதிக்கு இப்போது முறையான வழியும் இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்’ நாற்பது பாதைகளோடு வந்தது. சேலம் மாவட்டப் பாதைகளும் அவற்றில் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால், மலையடிக் கிராமங்களைச் சேர்ந்த பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் வருவார்கள். தீக்காலத்தில் இந்தப் பாதைகளை மூடிவிடுவது வழக்கம் என்பதால், நாளை ஒத்திப்போட்டுக்கொண்டே போகாமல் விரைவில் பதிவு செய்வது நல்லது. இருபத்தைந்து பேர் ஒரே கூட்டமாகப் போவதைவிட இரண்டு குழுவாகப் பிரிந்து போவதே பாதைக்கும் நமக்கும் ஏற்றது.

சூரமங்கலத்தான்

விறகு அடுப்பு வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். சிறிய எரிவாயு அடுப்பு கொண்டுவந்து, ஓடையின் நடுவே இருக்கும் வெறும் பாறையின் மீது வைத்துச் சமைத்தால் என்ன? பாறை எரியாதே.

செம்மீசைச் சின்னான்

பாறை எரியாது என்பது சரிதான், ஆனால் பாறைக்கு மேலே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மலையின் செங்குத்துப் பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் மலைத்தேனீக்கள் ஆள் உயரத்துக்கு அடை கட்டுகின்றன. புகையும் தாளிப்பு நெடியும் நறுமணத் தைலமும் அவற்றைக் கலைத்துவிடக் கூடியவை. கலைந்த மலைத்தேனீக்கள் கூட்டமாகத் துரத்தும். ஒருவரைக் கொட்டிய இடத்தில் படிகிற வாசனையே மற்றவற்றையும் அதே இடத்துக்கு அழைத்துவிடும். அப்போது கையை வீசாமல், முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு, கட்டடமோ அடர்ந்த புதரோ கிடைக்கும்வரை ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில், கொதிக்கும் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து ஓடுவதை எண்ணிப் பாருங்கள்.

நான் வருவது பறவைகளுக்காக. மஞ்சள்தொண்டைச் சின்னான் என்னும் பறவை தென்னிந்தியாவின் பாறை மலைச் சரிவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அது வாழும் சில இடங்களில் சேர்வராயன் மலையும் ஒன்று. பாறையும் புதரும் கலந்த கீழ்ச் சரிவே அதற்குப் பிடித்தமான இடம், அதாவது எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு உரக்கப் பேசியபடி கடக்கும் பகுதி. கூச்சம் மிகுந்த பறவை அது. பெரும்பாலும் குரலைக் கேட்டுத்தான் அது இருப்பதை அறிய முடியும். தையில் வலசைப் பறவைகளும் இருக்கும்: ஓடையோரத்தில் வாலாட்டிகள், புதரடியில் ஆறுமணிக்குருவி, வாய்ப்பிருந்தால் அரசவால் ஈப்பிடிப்பான். ஆகவே முதல் ஒரு மணி நேரமாவது பேச்சைக் குறைத்து நடக்க வேண்டும் என்றும், ஒலிபெருக்கியை யாரும் பையில் எடுத்து வரக்கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கொண்டலாம்பட்டி அம்மா

சமையலா கட்டுச்சோறா என்பதில் நான் கட்டுச்சோற்றின் பக்கம். ஆனால் அதை ஆறிய சோறு என்று ஏளனம் செய்பவர்கள் சரியாகக் கட்டத் தெரியாதவர்கள். புளிச்சோற்றுக்கு முந்தின இரவே புளிக்காய்ச்சலைக் காய்ச்சி வைத்து, விடியலில் வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் கலந்து, வாட்டிய வாழையிலையில் கட்டினால் மதியத்தில்தான் அதற்கு முழுச் சுவை வரும். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோத்து நசநசத்துப் போகும். தயிர்ச்சோற்றுக்குப் பாலை மிகுதியாக ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசைந்தால், நாம் ஏறி முடிப்பதற்குள் அது தானாகவே உறைந்து புளிப்பில்லாமல் இருக்கும். தேங்காய்ச் சட்டினி, தேங்காய்ச் சோறு இரண்டையும் யாரும் எடுத்து வர வேண்டாம். வெயிலில் முதலில் கெடுவது தேங்காய்தான். நடுவில் கொறிக்க நம் ஊர்த் தட்டுவடை இருக்கிறது. ஆனால் இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவல் வைத்த செட்டாகக் கட்டிக்கொண்டு வந்தால், துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் நீர்விட்டு, தட்டுவடை நமத்துப் போகும் என்பதால், வெறும் தட்டுவடையாகவே எடுத்து வரலாம்.

எனக்கு வேறொரு கவலை. என் மாமியாருக்கும் ஐந்து வயது மகனுக்கும் இந்தக் கூட்டத்தில் இடமுண்டா? இருவராலும் அந்தப் பாதையில் ஏற முடியாது. ஆனால் இருவரும் என்னைவிட ஆசையாகக் காத்திருக்கிறார்கள்.

காப்பித்தோட்டத்து மகள்

அக்காவின் கேள்வியிலேயே எல்லாவற்றுக்கும் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. பாதையில் நடப்பதும் உட்கார்ந்து உண்பதும் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று நாம் ஏன் முடிவு செய்துவிட்டோம்? ஏற்காட்டில் என் சித்தப்பாவின் காப்பித் தோட்டம் இருக்கிறது. பறித்த பழத்தைத் தோலுரித்துக் காய வைக்கும் களம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மழை வந்தால் ஒதுங்க ஒரு கொட்டகை, எல்லாம் அங்கே உண்டு. அவரிடம் கேட்டுவிட்டேன், அறுவடை முடிவுக்கு வரும் நேரம் என்பதால் ஞாயிறன்று களத்தின் ஒரு பாதியை நமக்கு விட்டுத் தருவதாகச் சொன்னார். நடப்பவர்கள் காட்டுவழியே குண்டூருக்கு ஏறட்டும்; பெரியவர்களும் குழந்தைகளும் உணவோடு சாலை வழியே வண்டியில் வரட்டும். குண்டூரிலிருந்து நடந்தவர்களை ஏற்றிக்கொள்ள அதே வண்டியை அனுப்பலாம். அனைவரும் களத்தில் சேர்ந்து உண்போம்.

ஓடைக்கரையில் உண்பதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் காட்டுமாடுகள். அண்மை ஆண்டுகளில் இந்த மலையில் அவற்றைத் தோட்டங்களுக்குள்ளேயே அடிக்கடி காண்கிறோம். காடு வறளும்போது அவை தண்ணீருக்கு வரும் இடத்தில், இருபது பேர் பாய் விரித்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், அவை வேறு வழியில் வீட்டுப் பக்கமாக இறங்கும். பிறகு விடியற்காலையில் தோட்ட வேலைக்கு வரும் பெண்கள்தான் அவற்றை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கும். எதிர்ப்பட்டால் நாங்கள் செய்வது இதுதான்: சத்தம் போடாமல் நின்று, அது போக வழிவிட்டு, மெல்லப் பின்வாங்குவோம், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போக மாட்டோம். தனியாகத் திரியும் காளையைக் கண்டால் இன்னும் விலகி நிற்போம். படம் எடுப்பதற்காக நெருங்குபவர்களைக் காட்டுமாட்டைவிட நாங்கள் அஞ்சுகிறோம்.

இன்னொன்று. ஏற்காட்டு ஓடை நீரைத் தெளிவாக இருக்கிறதே என்று யாரும் குடிக்க வேண்டாம். கிளியூர் அருவியில் விழுவதே ஏரியின் உபரிநீர்தான். ஏரியைச் சுற்றிலும் ஊர் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் கீழிருந்தே கொண்டு வாருங்கள். மேலே வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.

வெள்ளைக்கல்

பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். முழங்கால் ஒத்துழைக்காததால் வண்டியில் வரும் கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடப்பவர்கள் பார்க்க வேண்டியதாக ஒன்றைச் சொல்கிறேன். இந்த மலையின் உடல் சார்னோக்கைட் என்னும் பாறை. புதிதாக உடைந்த முகத்தில் கருமையும் பசுமையும் கலந்த எண்ணெய்ப் பளபளப்போடு தெரியும். வெயில் மழையில் கிடந்த முகம் பழுப்பேறியிருக்கும். பூமியின் மிக ஆழத்தில், பெருவெப்பத்தில் உருவான பாறை, மேலிருந்த சுமை அரிக்கப்பட்டு இன்று நம் காலடிக்கு வந்திருக்கிறது. மலையின் தட்டையான உச்சிப் பகுதிகளில் இதே பாறை நெடுங்கால மழையில் கரைந்து, சிலிக்கா போய் அலுமினியம் தங்கி, பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவாகியிருக்கிறது. சேர்வராயன் கோயில் பக்கம் போகிறவர்கள் செம்பழுப்பு நிறத்தில் துளைகளோடு கிடக்கும் கல்லைக் காணலாம்.

ஏற்காட்டின் தென்விளிம்பில் நின்று கீழே பார்த்தால், சூரமங்கலத்துக்கு வடக்கே வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரியும். நம் ஊரில் வெள்ளைக்கல் என்று வெட்டி எடுக்கும் மாக்னசைட் அது. உருக்காலை உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்ய உதவுகிறது. உச்சியில் பாக்சைட், உடலில் சார்னோக்கைட், அடியில் மாக்னசைட் என்று ஒரே பகல் நடையில் பார்க்கக் கிடைப்பது அரிது. சுத்தியல் கொண்டுவர வேண்டாம். சாலை வெட்டிய இடங்களில் உடைந்த முகங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன.

அஸ்தம்பட்டி இளையவன்

நடந்து போகும் வழியெல்லாம் விதைப்பந்து வீசிக்கொண்டே போகலாமா? என்னிடம் ஒரு மூட்டை தயாராக இருக்கிறது. அத்துடன் பழத்தோல், மீந்த சோறு போன்ற மட்கும் பொருள்களைக் காட்டிலேயே விட்டுவிட்டால் மண்ணுக்கு உரமாகுமே.

செம்மீசைச் சின்னான்

தம்பி, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இரண்டையும் ஏற்க முடியவில்லை. அந்த மூட்டையில் இருப்பவை எந்த மரத்தின் விதைகள் என்பது முதல் கேள்வி. நகரச் சாலையோரத்தில் நிழல் தரும் மரம் இங்கே வேற்று மரம். காட்டில் விதைக்குக் குறைவில்லை. மேய்ச்சலும் தீயும், எங்கும் படர்ந்து நிற்கும் உண்ணிச்செடியும்தான் கன்றுகளை எழவிடாமல் தடுக்கின்றன. அந்த உண்ணிச்செடியும் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான்.

ஆரஞ்சுத் தோல் மட்கும், ஆனால் மட்குவதற்கு மாதங்கள் ஆகும். குரங்கு வருவதற்குச் சில நிமிடங்கள் போதும். கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குகள் காட்டை விட்டு வந்து தார்ச்சாலையில் உட்கார்ந்து, வண்டிக்கு வண்டி கைநீட்டுவதும் அடிபட்டுச் சாவதும் நாம் போட்ட தீனியால்தான். காட்டுப் பாதையிலாவது குரங்கு நம்மைக் கண்டால் விலகிப் போகிறது. அது அப்படியே இருக்கட்டும்.

மலைப்பாதையன்

எல்லோர் கருத்தையும் படித்தேன். தோட்டத்துக் களத்தில் உண்பது என்ற யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். ஓடைக்கரை என்று நான் முதலில் சொன்னதை நீக்கிவிடுங்கள். பாதையில் கடலை உருண்டை, பொரிகடலை, தட்டுவடை ஆகியவற்றைத் தவிர வேறு உணவுப் பொருள் இருக்காது. அவற்றையும் நின்றபடியே உண்டுவிட்டு, பொட்டலத் துணியைப் பையிலேயே திரும்ப வைத்துக்கொள்வோம். வனத்துறைப் பதிவை நாளை செய்துவிடுகிறேன். அங்கே ஒரு குழுவுக்கு எத்தனை பேரை அனுமதிக்கிறார்களோ அதற்கேற்ப இரண்டாகப் பிரிவோம். முதல் குழுவில் பறவை பார்ப்பவர்கள். பேசாமல் இருக்க முடியாதவர்கள் தாமாகவே இரண்டாம் குழுவுக்கு வந்துவிடலாம், நானும் அதில்தான் இருப்பேன்.

வெயில் ஏறுவதற்குள் கீழ்ச் சரிவைக் கடந்துவிட வேண்டும் என்பதால் காலை ஆறரைக்கு அடிவாரத்தில் கூடுவோம். முழுக்கைச் சட்டை, பிடிப்புள்ள காலணி, தொப்பி, தண்ணீர் ஆகியவற்றோடு, தனக்கென்று மருந்து சாப்பிடுபவர்கள் அதையும் கையில் வைத்திருக்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது என்று யாரும் வைத்தியம் செய்யக் கூடாது; கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து 108-ஐ அழைக்க வேண்டும். பாதையில் கைபேசி எல்லா இடத்திலும் எடுக்காது என்பதால், நடப்பவர்களின் பெயர்ப் பட்டியலும் எதிர்பார்க்கும் நேரமும் களத்தில் காத்திருக்கும் ஆசிரியர் ஐயாவிடம் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் தாமதமானால் அவர் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்வார்.

சூரமங்கலத்தான்

காட்டுக்குள் சேர்ந்து ஆக்கி உண்பதில் இருக்கும் இன்பத்தை இழக்கிறோம் என்ற என் எண்ணம் இன்னும் மாறவில்லை. இங்கே சொல்லப்பட்ட காரணங்களுக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. ஆகவே ஒரு கேள்வி மட்டும்: சித்தப்பாவின் களத்தில் அடுப்பு மூட்ட அனுமதி உண்டா? உண்டென்றால் நான் நடப்பதை விட்டுவிட்டு, வண்டியில் பாத்திரத்தோடு முன்னதாகவே வந்து, எல்லோரும் ஏறி முடிக்கும்போது சுடச்சுடக் கூட்டாஞ்சோறு தயாராக வைத்திருப்பேன்.

காப்பித்தோட்டத்து மகள்

கொட்டகைக்குப் பின்னால் தொழிலாளர்களுக்குச் சமைக்கும் அடுப்பு இருக்கிறது, அண்ணா. கவாத்து செய்த சில்வர் ஓக் கிளைகள் விறகாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன; பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியும் உண்டு. தாராளமாக மூட்டலாம். பக்கத்து ஊரிலிருந்து வேலைக்கு வரும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் இருவர், முன்கூட்டியே சொன்னால் சாமைச் சோறும் கீரையும் ஆக்கித் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு உரிய கூலியை நாம் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் ஓய்வுநாள் என்பதை மறக்கக் கூடாது. தட்டு, குவளை எதையும் வாங்க வேண்டாம். தோட்டத்து வாழையில் இலை அறுத்துக்கொள்ளலாம், உண்டபின் இலை மாட்டுக்குப் போய்விடும்.

வெள்ளைக்கல்

காத்திருக்கும் நேரத்தில் சும்மா உட்காரப் போவதில்லை. விரும்பும் பெரியவர்களையும் குழந்தைகளையும் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963 முதல் ஏற்காட்டில் நடத்திவரும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு அழைத்துப் போக எண்ணுகிறேன். பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியை அங்கே வளர்க்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதைவிட வேறென்ன காட்ட வேண்டும்? ஞாயிறன்று திறந்திருக்குமா என்று முன்னதாகவே விசாரித்துச் சொல்கிறேன்.

சூரமங்கலத்தான்

மகிழ்ச்சி. நடந்து வருபவர்களும் வண்டியில் வருபவர்களும் சேர்த்து முப்பது பேர் என்று வைத்துக்கொண்டால் அரிசி எவ்வளவு போட வேண்டும், அக்கா? சாமைச் சோறும் இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி அம்மா

வீட்டில் என்றால் ஆளுக்கு நூறு கிராம் போதும். மலையேறி வருபவர்களுக்கு நூற்றைம்பது. சாமை ஒரு கிலோ தனியாக வேகும் என்பதால் அரிசி மூன்றரைக் கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ போடுங்கள். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் நான் வாங்கி வருகிறேன். மலையில் விலை அதிகம். மேலே தண்ணீர் கொதிக்கும் வெப்பம் கொஞ்சம் குறைவு என்பதால் பருப்பு வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். முந்தின இரவே ஊறப் போட்டுக் கொண்டு வந்துவிடுங்கள். மோருக்கு உறை ஊற்றுவது என் மாமியாரின் பொறுப்பு, அதில் யாரும் தலையிட வேண்டாம்.